தாய் வட்டு ஒன்று, சேய் வட்டுகள் பல

கணிப்பொறி வலையமைப்பு படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "லேப்டாப் வாங்கிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகலை. அதுக்குள்ள டிஸ்க்ல இடம் பத்தலைங்கறான். பெரிசா இன்னொண்ணு வாங்கணுமாம். நிஜமாவே தேவைதானா?" பெரும்பாலும் தேவையில்லை என்பதே என் பதில். ஆனால் ஏன் தேவையில்லை என்று புரிய வைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வாசலில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயமல்ல. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் செய்முறையும் பெற்றோருக்குச் சமாதானமும் கிடைத்தால் சரி.

இதில் என்னை இழுத்துவிட்டவன் என் தங்கை மகன். தங்கை குடும்பம் பாராடாங்கில் இருக்கிறது. சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்க்க வருகிறவர்கள் அரை நாளில் திரும்பிவிடுவார்கள். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு ஊர் வேறு மாதிரி. போர்ட் பிளேயருக்கு (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம்) வரவேண்டுமென்றால் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகேறிக் கடந்து, ஜாரவா மக்களின் காப்புக்காட்டு வழியே வண்டிகளோடு வண்டியாகச் சேர்ந்து ஜிர்காடாங் வரவேண்டும். சாலை தூரம் நூறு கிலோமீட்டர் அளவுதான், ஆனால் நாள் போய்விடும். பையன் டிப்ளமோ முடித்துவிட்டான். சர்வர் பராமரிப்பு வேலைக்குப் போக ஆசை. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே "டொமைன் அமைத்திருக்கிறாயா, இரண்டு சர்வரை இணைத்திருக்கிறாயா?" என்பதுதான். புத்தகத்தில் படித்தேன் என்றால் எடுபடாது. சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி நிலையத்தில் சேர்த்தால் கட்டணம், விடுதி, சாப்பாடு என்று தங்கை வீட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். வீட்டிலேயே, இருக்கிற லேப்டாப்பிலேயே பழக முடியுமா என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி.

முடியும். அதற்குப் பெயர் சோதனைக்கூடம். ரசாயன மாணவனுக்குக் குடுவைகள் போல, சர்வர் படிக்கிறவனுக்கு நாலைந்து கணிப்பொறிகள் வேண்டும். கெடுக்கலாம், அழிக்கலாம், மறுபடி கட்டலாம் என்கிற சுதந்திரமும் வேண்டும். ஐந்து நிஜக் கணிப்பொறி வாங்க யாராலும் ஆகாது. ஆகவே ஒரு கணிப்பொறிக்குள்ளேயே மென்பொருளால் பல கணிப்பொறிகளை உண்டாக்குகிறோம். மெய்நிகர் கணிப்பொறி என்று இப்போது தமிழில் எழுதுகிறார்கள். அதற்குத் தனி செயலி கிடையாது, தனி வன்வட்டு கிடையாது; இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இந்த யோசனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972 ஆகஸ்டில் அறிவித்த விஎம்/370 என்ற அமைப்பில், ஒரே பெரிய இயந்திரத்தில் ஒவ்வொருவருக்கும் தனி இயந்திரம் இருப்பது போன்ற தோற்றத்தைக் கொடுத்தார்கள். மேசைக் கணிப்பொறிக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானது 1998ல் தொடங்கிய விஎம்வேர். அதன் ஒர்க்ஸ்டேஷன் மென்பொருள் 1999ல் வெளிவந்தது. 2007 முதல் லினக்ஸின் உட்கருவிலேயே கேவிஎம் என்ற பெயரில் இந்த வசதி சேர்ந்துவிட்டது. பையன் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். ஆகவே கேவிஎம், கியூஎம்யூ இரண்டும் இலவசமாகவே கைக்கு வந்தன. பழகுவதற்கு வேண்டிய விண்டோஸ் சர்வரையும் மைக்ரோசாப்ட் 180 நாள் மதிப்பீட்டுப் பிரதியாகத் தருகிறது. திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டியதில்லை என்பதைப் பெற்றோர் குறித்துக்கொள்ளவும்.

சரி, இடம் எங்கே போகிறது? மெய்நிகர் கணிப்பொறியின் வன்வட்டு என்பது உண்மையில் நம் லேப்டாப்பில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. விண்டோஸ் சர்வரை நிறுவி, அன்றுவரை வந்த திருத்தங்களையும் ஏற்றியபோது அந்தக் கோப்பு எங்களுக்கு 14 ஜிபி வந்தது. பயனாளர் மேசையில் இருக்கும் சாதாரண விண்டோஸ் 25 ஜிபி. பாடத்துக்கு மூன்று சர்வரும் இரண்டு பயனாளர் கணிப்பொறியும் வேண்டும். 3 பெருக்கல் 14 என்றால் 42. 2 பெருக்கல் 25 என்றால் 50. மொத்தம் 92 ஜிபி. பையனின் 256 ஜிபி வட்டில் மற்றதெல்லாம் போக மிச்சமிருந்தது 90.

போனில் கூப்பிட்டான். "மாமா, நாலு மெஷின் போட்டாச்சு. அஞ்சாவது காப்பி ஆகும்போது டிஸ்க் ஃபுல்லுன்னு நிக்குது."

"ஒவ்வொண்ணையும் முழுசா காப்பி எடுத்தியா மாப்ளே?"

"ஆமா மாமா, வேற எப்படி எடுக்கறது?"

வேறு எப்படி என்பதுதான் கட்டுரையின் விஷயம். அந்த மூன்று சர்வர்களையும் எடுத்துப் பார்த்தால், பதினான்கு ஜிபியில் பதின்மூன்றுக்கு மேல் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒரே சரக்கு. விண்டோஸின் கோப்புகள் மூன்றிலும் அவையேதான். பெயர், முகவரி, அதன்மேல் நிறுவிய ஒன்றிரண்டு சேவைகள், இவைதான் வேறுபடும். ஒரே புத்தகத்தை மூன்று முறை அச்சடித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் நாலு வரி பென்சிலால் எழுதி வைத்தது மாதிரி.

ஒரு படத்தை மனத்தில் வையுங்கள். பள்ளிக்கூட அட்லசில் அந்தமான் படம். 2018க்கு முன் அச்சானது. ஹேவ்லாக், நீல், ராஸ் என்று பழைய பெயர்கள். அதன்மேல் ஒரு டிரேசிங் தாளை விரிக்கிறோம். ஹேவ்லாக் இருக்கும் இடத்தில் தாளின் மேல் ஒரு வெள்ளை ஒட்டு ஒட்டி ஸ்வராஜ் துவீப் என்று எழுதுகிறோம். நீல் இருந்த இடத்தில் ஷகீத் துவீப். போர்ட் பிளேயர் இருந்த இடத்தில் ஸ்ரீ விஜய புரம். மற்ற இடமெல்லாம் வெறுமையாகவே இருக்கிறது. அடியில் இருக்கும் படம் அப்படியே தெரிகிறது. மேலிருந்து பார்க்கிறவனுக்குப் புதிய அந்தமான் படம் முழுசாகக் கிடைக்கிறது. அட்லசில் ஒரு கோடுகூட மாறவில்லை. அடுத்த பிள்ளை வேறொரு தாளை விரித்துக் கப்பல் வழிகளை வரையலாம். மூன்றாமவன் தமிழர் குடியிருப்புகளைக் குறிக்கலாம். அட்லஸ் ஒன்று, தாள்கள் மூன்று.

அட்லஸ்தான் தாய் வட்டு. டிரேசிங் தாள்தான் சேய் வட்டு. மெய்நிகர் கணிப்பொறி எதையாவது எழுதினால் அது சேய் வட்டில் மட்டுமே விழும். எதையாவது படிக்க வேண்டுமென்றால் மென்பொருள் முதலில் சேய் வட்டின் அட்டவணையைப் பார்க்கும். அந்தப் பகுதி அங்கே எழுதப்பட்டிருந்தால் அதை எடுத்துக் கொடுக்கும். இல்லையென்றால் தாய் வட்டுக்குப் போகும். உள்ளே ஓடும் விண்டோஸுக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது. தனக்கு 60 ஜிபி வட்டு ஒன்று இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

எழுதும் விதத்தில் சிறு நுணுக்கம் ஒன்று உண்டு. வட்டைச் சம அளவான துண்டுகளாகப் பிரித்துத்தான் கணக்கு வைக்கிறார்கள். கியூஎம்யூவின் கியூகவ்2 வகைக் கோப்பில் இயல்பான துண்டு 64 கேபி. ஒரு துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும், முழு 64 கேபியும் தாயிடமிருந்து சேய்க்கு நகலாகி அங்கேதான் மாற்றம் நடக்கும். ஆகவே சேய் வட்டு நாம் மாற்றிய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். அது பரவாயில்லை. எங்கள் கணக்கில் சர்வர் சேய் ஒவ்வொன்றும் சுமார் 3 ஜிபி, பயனாளர் சேய் 2 ஜிபி. இரண்டு தாய் வட்டுகளுக்கு 14ம் 25ம் சேர்த்து 39; சேய்களுக்கு 13; ஆக 52 ஜிபி. 92 எங்கே, 52 எங்கே! அதைவிட முக்கியம், ஆறாவது சர்வர் வேண்டுமென்றால் இனி 14 வேண்டாம், 3 போதும். பாதியில் கெட்டுப்போனால் அந்தச் சேயை அழித்துவிட்டு ஒரு நொடியில் புதுச் சேய் உண்டாக்கலாம். பிறந்த சேய் வட்டு ஒரு எம்பிகூட இருக்காது.

இதே சங்கதிக்கு ஒவ்வொரு கடையிலும் ஒரு பெயர். மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வியில் டிஃபரன்சிங் டிஸ்க் என்பார்கள். விஎம்வேரிலும் விர்ச்சுவல்பாக்ஸிலும் லிங்க்டு குளோன். கியூஎம்யூவில் தாய்க்குப் பேக்கிங் ஃபைல் என்றும் சேய்க்கு ஓவர்லே என்றும் பெயர். பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள வேண்டாம். வாழைக்காய் பஜ்ஜிக்குக் கடைக்குக் கடை வேறு பெயர் வைத்த கதைதான்.

பழைய ஐபிஎம் அமைப்பைப் பற்றி மேலே சொன்னேனல்லவா, அங்கேயும் இதன் விதை இருந்தது. அமைப்புக்குரிய மென்பொருள் 190 என்ற எண்ணுள்ள ஒரு வட்டில் இருக்கும். எல்லாரும் அதையே பகிர்ந்து படிப்பார்கள், யாரும் எழுத முடியாது. ஒவ்வொருவருடைய சொந்தக் கோப்புகளும் 191 என்ற தனி வட்டில். அன்றைக்கு வட்டு தங்க விலை. ஆளுக்கு ஒரு பிரதி கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. இன்று பிள்ளைகள் பேசும் டாக்கர், 2013ல் வந்தது, அதுவும் அடுக்கின்மேல் அடுக்காக வைத்து அடியடுக்கைப் பலருக்கும் பொதுவாக்குகிற இதே வழிதான். வட்டு மலிவான பிறகும் சிக்கனம் போகவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இனி செய்முறைக்கு வருவோம். தாய் வட்டை உண்டாக்குவதில்தான் பொறுமை வேண்டும். விண்டோஸை நிறுவுங்கள். திருத்தங்கள் அனைத்தையும் ஏற்றுங்கள். எல்லாப் பயிற்சிக்கும் வேண்டிய பொதுவான கருவிகளையும் போட்டுவிடுங்கள். பிறகு தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துவிட்டு, கடைசியாக சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்டி அணைத்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

என் மருமகனும் விட்டுவிட்டான். ஒவ்வொரு விண்டோஸுக்கும் நிறுவும்போதே எஸ்ஐடி என்று ஓர் அடையாள எண் அமைந்துவிடும். தாய் வட்டில் அந்த எண் பதிந்து கிடக்க, அதிலிருந்து பிறந்த சேய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எண். முதல் சர்வரை டொமைன் தலைவனாக்கினான். அதன் எண்ணே டொமைனின் எண்ணாகிவிட்டது. இரண்டாவது சர்வரைச் சேர்க்கப் போனால், உன் எண்ணும் டொமைனின் எண்ணும் ஒன்றாயிருக்கிறது, சேர்க்க முடியாது என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கக் கேபிளையும் முகவரியையும் சந்தேகப்பட்டிருக்கிறான். மெய்நிகர் கணிப்பொறிக்கு ஏது கேபிள்! சிஸ்பிரெப் ஓட்டினால் அந்த எண்ணும் பெயரும் துடைக்கப்பட்டு, ஒவ்வொரு சேயும் முதல்முறை விழிக்கும்போது தனக்கென்று புது எண் எடுத்துக்கொள்ளும். லினக்ஸைத் தாயாக வைப்பவர்களும் தப்பிக்க முடியாது. அங்கே மெஷின்-ஐடி என்ற கோப்பையும் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் அழித்துவிட்டுத்தான் தாயை மூட வேண்டும்.

மூடிய பிறகு தாயைத் தொடக்கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் சுவரில் எழுதி ஒட்டலாம். சேய் வட்டில் இருப்பது வெறும் வித்தியாசங்கள். எதிலிருந்து வித்தியாசம் என்பது தாயை வைத்துத்தான். டிரேசிங் தாளை எடுத்து வேறு பதிப்பு அட்லசின்மேல் விரித்தால் என்ன ஆகும்? தீவு ஓரிடத்திலும் பெயர் கடலிலும் நிற்கும். அதேபோல் தாய் வட்டில் ஒரு முறை விண்டோஸைக் கிளப்பிவிட்டு அணைத்தாலே போதும், உள்ளே ஆயிரக்கணக்கான இடங்களில் எழுத்து மாறிவிடும். அதன்பின் எந்தச் சேயும் நம்பத் தகுந்ததல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சி நிலையத்தில் இது நடந்தது. வகுப்புக்கு முந்தைய நாள், நல்லெண்ணத்தோடுதான், ஒருவர் தாய் வட்டைத் திறந்து புதிய திருத்தங்களை ஏற்றிவிட்டார். மறுநாள் காலை பன்னிரண்டு மாணவர்களின் ஆறு வார வேலையும் போயிற்று. சில கணிப்பொறிகள் கிளம்பவே இல்லை. சில கிளம்பின, ஆனால் உள்ளே கோப்புகள் குழம்பிக் கிடந்தன. கிளம்பாததுதான் அதிர்ஷ்டம் என்பேன். அரைகுறையாகக் கிளம்புவது எதை நம்புவது என்று தெரியாமல் அடித்துவிடும்.

இதில் மென்பொருளுக்கு மென்பொருள் குணம் வேறு. மைக்ரோசாப்டின் விஹெச்டி வகையில் சேய்க்குள்ளேயே தாயின் அடையாள எண் பதிந்திருக்கும். தாய் பொருந்தவில்லை என்று கண்டுகொண்டால் திறக்க மறுத்துச் செய்தி சொல்லும். கியூகவ்2 அப்படியல்ல. சேய் வட்டு தன் தாயின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கும், தாய் மாறியிருக்கிறதா என்று பார்க்காது. பேசாமல் திறந்துவிடும். ஆகவே கியூஎம்யூ வைத்திருப்பவர்கள் தாய்க் கோப்பின்மேல் படிக்க மட்டும் என்ற அனுமதியை வைத்துவிடுங்கள். விண்டோஸில் ரைட் கிளிக் செய்து ரீட் ஒன்லி. லினக்ஸில் எழுதும் அனுமதியை எடுத்துவிடுவது. அரை நிமிட வேலை.

அப்படியானால் புதிய திருத்தங்களை எப்படி ஏற்றுவது? இங்கேதான் மிச்சம் பிடித்த இடம் மெல்ல ஒழுகத் தொடங்கும். மூன்று சேய்களிலும் தனித்தனியே திருத்தங்களை ஏற்றினால், ஒரே திருத்தம் மூன்று முறை எழுதப்படுகிறது. ஆறு மாதத்தில் சேய் ஒவ்வொன்றும் தாய் அளவுக்கு வளர்ந்துவிடும். பிறகு தாய், சேய் என்று பிரித்து வைத்ததில் லாபமே இல்லை. சோதனைக்கூடத்தில் அதற்கு நேர்வழி, பழைய தாயை அப்படியே விட்டுவிட்டு, திருத்தங்களோடு புதிய தாய் ஒன்றை வேறு பெயரில் உண்டாக்குவது. புதுப் பயிற்சிகள் அதிலிருந்து பிறக்கட்டும். பழைய பயிற்சிகள் முடிந்து அழிந்த பிறகு பழைய தாயையும் அழிக்கலாம். 180 நாள் கெடுவும் ஏறக்குறைய அதே சமயத்தில் வருவதால் கணக்கு ஒத்துப்போகிறது.

டிஃப்ராக் என்ற பழைய பழக்கமும் ஆகாது. வட்டில் சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அது துண்டுகளை இடம் மாற்றும்; இடம் மாற்றுவதென்றால் எழுதுவது; எழுதுவதெல்லாம் சேயில் விழும். ஒரு புதிய கோப்பும் சேராமலே சேய் வட்டு சில ஜிபி ஊதிவிடும். உள்ளே இருக்கும் விண்டோஸில் அதன் கால அட்டவணையை நிறுத்திவிடுங்கள். நினைவகம் போதாதபோது விண்டோஸ் எழுதும் பேஜ் ஃபைலும் இப்படித்தான். அதற்கென்று தனியாக ஒரு சிறு மெய்நிகர் வட்டு கொடுத்துவிட்டால் சேய் மெலிவாக இருக்கும்.

உள்ளே கோப்பை அழித்தால் வெளியே இடம் திரும்பும் என்றும் எண்ண வேண்டாம். உள்ளே 5 ஜிபி படக்கோப்பை நகலெடுத்து உடனே அழித்தாலும் சேய் வட்டு 5 ஜிபி பெருத்தே நிற்கும். காலியான இடத்தை வெளியே தெரிவிக்கும் டிஸ்கார்ட் என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் சுருங்கும். இல்லாவிட்டால் பிறகு தனியே சுருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பேராசை. ஒவ்வொரு மெய்நிகர் கணிப்பொறிக்கும் தன் வட்டு 60 ஜிபி என்று எண்ணம். ஐந்துக்கும் சேர்த்து 300. நிஜத்தில் இருப்பதோ 90. எல்லாரும் ஒரே நாளில் வங்கிக்குப் போய்ப் பணத்தைக் கேட்டால் என்ன ஆகுமோ அது இங்கேயும் ஆகும். லேப்டாப்பின் வட்டு நிரம்பியதும் எந்தச் சேயும் எழுத முடியாமல் எல்லாம் ஒருசேர நின்றுவிடும். உள்ளே பார்த்தால் 40 ஜிபி காலி என்றே காட்டும். ஆகவே உள்ளே காட்டும் அளவை நம்பாமல், வாரம் ஒருமுறை வெளியே சேய்க் கோப்புகளின் அளவைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பையன் எழுதுகிறானா என்பது வேறு விஷயம்.

ஸ்னாப்ஷாட் என்று பிள்ளைகள் சொல்வார்கள். இந்த நிமிஷத்தில் இருக்கும் நிலையை நினைவில் வைத்து, கெட்டால் திரும்பி வருவது. பெரும்பாலான மென்பொருள்களில் அதுவும் இதே தாய் சேய் வித்தைதான். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் அதுவரை இருந்த வட்டு தாயாகி உறைந்துவிடும்; புதிதாக ஒரு சேய் பிறந்து இனி எழுதுவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். தாய், மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று சங்கிலி நீளும். படிக்கும்போது பேத்தியிடம் இல்லையென்றால் மகளிடம், அங்கும் இல்லையென்றால் தாயிடம் என்று தேட வேண்டியிருப்பதால், சங்கிலி நீண்டால் வேகம் குறையும். நடுவில் ஒரு கோப்பு போனால் அதற்குக் கீழுள்ளது எல்லாம் போகும். மூன்று தலைமுறைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். சேயில் உள்ளதைத் தாயோடு கலந்து ஒன்றாக்கும் வசதியும் உண்டு. ஆனால் தாயை நம்பி வேறு சேய்கள் இருந்தால் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது. ஒரு பிள்ளைக்காகத் தாயை மாற்றினால் மற்ற பிள்ளைகளின் கதி மேலே சொன்ன பயிற்சி நிலையத்தின் கதிதான்.

வட்டில் மிச்சம் பிடிப்பது நினைவகத்தில் மிச்சம் பிடிப்பதாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து கணிப்பொறி ஓடினால் ஐந்துக்கும் நினைவகம் வேண்டும். பையனிடம் 16 ஜிபி இருக்கிறது, ஒரே சமயம் நாலை ஓட்டுகிறான். 8 ஜிபி மட்டும் இருக்கும் லேப்டாப்பில் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பெற்றோர் பணம் செலவழித்தே தீர வேண்டுமென்றால் வட்டைவிட நினைவகத்துக்குச் செலவழிப்பது மேல்.

பாராடாங்குக்கு இதனால் கிடைத்த இன்னொரு பயனை நான் முதலில் எதிர்பார்க்கவில்லை. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் நம் தீவுகளுக்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். போர்ட் பிளேயர், ஸ்வராஜ் துவீப், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் என்று கரையேறும் இடங்களில் பாராடாங் இல்லை. அதற்கு முன் தீவு முழுவதும் செயற்கைக்கோளை நம்பிக் காத்திருந்த காலத்தை நினைத்தால் இன்றைய நிலை எவ்வளவோ மேல்தான். ஆனாலும் மழை நாளில் என் தங்கை வீட்டில் சிக்னல் மாமரத்தடியில்தான் கிடைக்கும். 14 ஜிபி கோப்பை அந்த வழியில் இறக்குவது நடக்கிற காரியமல்ல.

ஆகவே இரண்டு தாய் வட்டுகளையும் என் வீட்டிலேயே உண்டாக்கினோம். 39 ஜிபியை 64 ஜிபி பென் டிரைவில் போட்டு, பாராடாங் போகிற உறவினர் கையில் கொடுத்தனுப்பினேன். பஸ்ஸிலும் படகிலும் போய்ச் சேர்ந்தது. இப்போது இருவரிடமும் ஒரே தாய் இருக்கிறது. அதன்பிறகு நான் ஒரு பயிற்சி தயார் செய்தால், வேண்டுமென்றே ஒரு சர்வரைக் கெடுத்து வைத்து, சேய்க் கோப்பை மட்டும் சுருக்கி அனுப்புகிறேன். சிறு பயிற்சிகள் சில நூறு எம்பிக்குள் அடங்குகின்றன. இரவில் போட்டுவிட்டால் காலைக்குள் இறங்கிவிடும். பையன் கண்டுபிடித்துச் சரிசெய்து, தன் சேயைத் திருப்பி அனுப்புவான். எங்கே என்ன செய்தான் என்று நான் இங்கே திறந்து பார்ப்பேன். ஒருவகையில் தபால்வழிக் கல்விதான்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, இரு இடத்துத் தாயும் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒன்றாயிருக்க வேண்டும். பென் டிரைவில் நகலாகும்போது ஏதாவது சிதைந்ததா என்று அறிய எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணை இரு பக்கமும் கணக்கிட்டுப் போனில் ஒப்பிட்டோம். நீளமான எண், முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்துவந்தால் போதும் என்று பையன் சொன்னதை நான் ஏற்கவில்லை, முழுவதையும் படிக்க வைத்தேன். இரண்டு, சேய்க்குள் தாயின் இருப்பிடம் எழுதப்பட்டிருக்கும். என் கணிப்பொறியில் ஒரு பாதை, அவன் கணிப்பொறியில் வேறு பாதை என்றால் தாய் எங்கே என்று தேடி நின்றுவிடும். பாதையை விட்டு வெறும் கோப்புப் பெயரை மட்டும் எழுதி, தாயையும் சேயையும் ஒரே ஃபோல்டரில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பாதை மாறியே போய்விட்டால் சேயிடம் புதிய முகவரியைச் சொல்ல ரீபேஸ் என்ற கட்டளை உண்டு. ஆனால் அது கேள்வி கேட்காமல் நாம் சொன்னதை நம்பும் கட்டளை. தவறான தாயைக் காட்டினால் அதையும் நம்பிவிடும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தீவுகளில் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் பாதி கவலை தீர்ந்தது. மேசைக் கணிப்பொறியில் திடீரென்று அணைந்தால், எழுதிக்கொண்டிருந்த சேய் சிதையலாம். தாயை யாரும் எழுதத் திறக்கவில்லையாதலால் அதற்கு ஒன்றும் ஆகாது. சேயைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டிப் பார்த்து, தேறாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பிறப்பித்தால் போயிற்று. அந்த வாரத்து வேலை மட்டும்தான் நஷ்டம். தாய்க்கு மட்டும் வெளியே ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும். எங்களுக்கு அது அந்தப் பென் டிரைவேதான், தங்கை வீட்டு அலமாரியில் துணியில் சுற்றி இருக்கிறது. உப்புக்காற்று படாமல் இருக்க வேண்டுமே.

கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பில் போடும் கணிப்பொறியையும் இப்படி அமைத்தால் என்ன என்றார். வேண்டாம் என்றேன். ஒரு தாய்க் கோப்பு போனால் அதை நம்பிய அத்தனையும் போகும் என்பது சோதனைக்கூடத்தில் சகிக்கக்கூடியது. ஐந்து வருஷத்துக் கணக்குப் புத்தகத்துக்குச் சகிக்க முடியாது. அங்கே முழுப் பிரதியும், தினசரி வெளி நகலும்தான் முறை. இடத்துக்கு ஆசைப்பட வேண்டிய இடமல்ல அது.

இதை எழுதும் நாளில் பையனின் ஃபோல்டரில் தாய் இரண்டு, சேய் பதினொன்று. மொத்தம் 71 ஜிபி. டொமைன் இரண்டு சர்வரில் ஓடுகிறது. ஒன்றை அணைத்தால் மற்றது பொறுப்பெடுத்துக்கொள்கிறதா என்பது இந்த வாரத்துப் பயிற்சி. புது வட்டு வாங்கவில்லை.